வெட்சிக்கு விட்ட நாலடி மண்

மாமா வீட்டுக்கு முதல் தடவை வருகிற யாரும் நேரே உள்ளே போய்விட முடியாது. முற்றத்திலேயே மறித்துக்கொள்வார். "ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயடியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து கேட் ஓரத்தில் ஊற்றுவார். வந்தவர் கையில் பையோடு, எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பார். தண்ணீர் கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு நாக்கை நீட்டுவதுபோல மெல்ல நகர்ந்து, செடிக்கு விட்டிருந்த சதுரத்தைச் சுற்றிக்கொண்டு, எதிர் மூலையில் இருக்கும் வடிகால் ஓட்டைக்குள் போய் விழும்.

"பாத்தீங்களா? எங்கயாவது நின்னுச்சா? நிக்காது. நில்லுன்னு கெஞ்சினாலும் நிக்காது."

அதற்குப் பிறகுதான் "உள்ள வாங்க."

போன வருஷம் வரைக்கும் இப்படித்தான் இருந்தது.

மாமா கொத்து வேலை மேஸ்திரி. என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்து மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் கீழே முற்றம் முழுவதும் தெரியும். அதிகம் பேசாதவனுக்கு நல்ல ஜன்னல்.

ஊரில் அவருக்குப் பெயர் ரசமட்டம். அது ஒரு கருவி. நீளமான கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் வைத்த இடம் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். மாமாவுக்கு அந்தக் குமிழி கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தவர் கையைக் காட்டி டாக்டரை நிறுத்தினாராம். வலிக்கிறதோ என்று அவர் பதறிப்போய் விலக, "உங்க சீலிங் இந்தப் பக்கம் அரை இஞ்ச் இறங்குது சார்" என்றாராம். பெயிண்டர் இந்தக் கதையைச் சொல்லும்போது மாமா மறுக்க மாட்டார். "முக்கால் இஞ்ச்" என்று திருத்துவார்.

பதினாறு வயதில் மணல் சலிக்கப் போனவர். தனியாகக் கட்டிய முதல் சுவர் ஒரு குளியலறைச் சுவர். இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் வண்டியை மெதுவாக்குவார். பூச்சு வேலை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் சுவரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தடவிக்கொண்டே போவார். எங்கேயாவது கை நின்றால் அந்த இடத்தைச் சுரண்டி மறுபடியும் பூசச் சொல்வார். அவரிடம் வேலை பார்ப்பவர்கள் அந்த நேரத்தில் மூச்சுகூட விட மாட்டார்கள். இந்த ஊரில் அவர் கை படாத தெரு ஒன்றிரண்டுதான் இருக்கும்.

அத்தைக்கு ஆஸ்பத்திரித் தையல் அறையில் வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை அறையில் போட்டுக்கொள்கிற பச்சை அங்கி. இருபத்து மூன்று வருஷமாக அதே மிஷின். ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு பேசிப் பழகியதால், ஊசி இல்லாதபோதும் உதட்டைச் சேர்த்தபடிதான் பேசுவாள். அதனால் அவள் சொல்வது எல்லாமே பாதி ரகசியம்போல இருக்கும்.

தையல் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு வெட்சி நின்றிருந்தது. யாரும் நட்டதல்ல. ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னால் அந்த இடம் புதர்க்காடாக இருந்தபோதே முளைத்தது. கடைகளில் தொட்டியில் வைத்து விற்கிற குட்டை வெட்சி இல்லை, ஆளை விட உயரமாகப் போகிற காட்டு வெட்சி. தடித்த இலை. கிளை நுனி ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கொத்து. தையல் அறையின் எட்டுப் பெண்களும் மதியம் டப்பாவைத் திறப்பது அதன் நிழலில்தான். சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு பூவைப் பறித்து, உள்ளே இருக்கும் மெல்லிய நரம்பைப் பக்குவமாக உருவி, நுனியில் வருகிற ஒரு சொட்டுத் தேனை நக்குவார்கள். "அதுதான் எங்களுக்கு இனிப்பு" என்பாள் அத்தை.

அந்த வெட்சி இப்போது இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். அஸ்திவாரத்துக்கு நூல் பிடித்தவர் மாமா. நூலின் ஒரு மூலை சரியாக வெட்சியின் மேல் விழுந்தது.

இதை எனக்குச் சொன்னது பெயிண்டர். மாமாவோடு இருபது வருஷமாகக் கட்டடங்களில் திரிகிறவர், வீட்டில் பாதி ஆள். அன்று காலை அத்தை சாப்பாட்டு டப்பாவை மாமா கையில் கொடுக்கும்போது அவரும் வாசலில் நின்றிருந்தாராம்.

"அந்த மூலைய ஒரு நாலடி தள்ளிப் போட முடியாதா? ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாருங்களேன்."

"பிளான் போட்டது எஞ்சினியரு. கொத்தனார் போய்ப் பிளானைத் திருத்தச் சொல்ல முடியுமா? சிரிப்பாங்க."

அத்தை அன்று மதியம் துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அந்தக் கத்தரிக்கோலால் யாராவது காகிதத்தை வெட்டினால்கூட ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டாள். அதே கத்தரிக்கோலால் வெட்சிக் குச்சிகளை வெட்டினாள். ஏழு குச்சி. கத்தரிக்கோலின் ஒரு அலகில் விழுந்த பல் இன்றைக்கும் இருக்கிறது. மறுநாள் எந்திரம் வந்து புதரை வேரோடு அள்ளிப்போட்டது. கட்டடம் முடிந்ததும் தையல் அறையும் அதற்குள் மாறியது.

ஏழில் ஒன்று பிழைத்தது. அதை முற்றத்தின் நடுவே நட்டாள். அப்போது அது வெறும் மண் முற்றம். நான்கைந்து வருஷத்தில் மார்பளவு வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூத்ததாம். ஒரு காகிதப் பையில் பூக்களைப் போட்டு எடுத்துக்கொண்டு போவாளாம், எட்டுப் பேருக்கும் ஒவ்வொன்று. "ஆதி காலத்துல சண்டைக்குப் போறவங்க தலையில வச்சுக்கிட்டுப் போன பூவாம். ஸ்கூல்ல படிச்சிருக்கேன்" என்று ஒருநாள் மாமாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"அதான பார்த்தேன்" என்றாராம் மாமா. "இது வந்ததுலேர்ந்து வீட்டுல தினம் ஒரு சண்டை."

ஒரு மழை நாளில் அத்தை அந்த முற்றத்துச் சேற்றில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். இரண்டு மாதம் தைக்க முடியவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவளைப் பார்க்க மாமாவால் முடியவில்லை. பதினோரு நாள் வேலைக்குப் போகாமல், வேறு ஒரு கையையும் சேர்க்காமல், முற்றம் முழுவதும் சிமென்ட் தரை போட்டார். அந்தத் தரைதான், நான் முதலில் சொன்னது. தண்ணீர் நிற்காது, பாசி பிடிக்காது, கால் வழுக்காது. நடுவில் செடிக்கு இரண்டடிக்கு இரண்டடி சதுரம் விட்டு, அதன் விளிம்பைப் பாட்டிலின் முதுகால் உருட்டி உருட்டி வழவழப்பாக்கினார். படத்துக்குச் சட்டம் போட்டதுபோல இருக்கும்.

நான் வந்தபோது செடி மூன்றடி உயரத்தில் சதுரமாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் சுற்றி நான்கு குச்சி நட்டு, நூல் கட்டி, நூலுக்கு மேலே தலைநீட்டிய ஒவ்வொரு தளிரையும் மாமா வெட்டுவார். கடைசியில் செடியின் தலையில் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார்.

"யோவ் மேஸ்திரி, அது செடியா, மேசையா? டீ டம்ளரை வச்சிரலாம் போலிருக்கே!" என்பார் பெயிண்டர்.

"வச்சுப் பாரேன். சிந்தாது."

சிந்தவில்லை. நானே பார்த்தேன்.

வேலை முடிந்து வந்ததும் கரணை, மட்டப்பலகை, கலவைச் சட்டி எல்லாவற்றையும் செடியின் பாத்தியில் வைத்துத்தான் கழுவுவார். தண்ணீர் வீணாகக் கூடாது, செடிக்குப் போகட்டும் என்பது அவர் கணக்கு. தினமும், தவறாமல். அத்தைக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்றுகூட நினைக்கிறேன். மனிதர் வெட்சிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாரே.

செடி மஞ்சளடிக்கத் தொடங்கியது அந்த வருஷம்தான். புதிதாக வருகிற இலைகள்தான் முதலில் வெளிறின. நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் பழைய காகித நிறம். பூ நின்றுபோனது. வெயில் அதிகம் என்று நினைத்து மாமா சாக்கு விரித்துப் பந்தல் போட்டார், தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்துப் பார்த்து நட்ட கால்களோடு. பூச்சி என்று நினைத்துச் சோப்புத் தண்ணீர் தெளித்தார். பெயிண்டர் சும்மா இருப்பாரா?

"மஞ்சள் வேணும்னு எனக்குச் சொல்லியிருந்தா ரெண்டு கோட்டு நானே அடிச்சிருப்பேனே, மேஸ்திரி. உனக்கு எதுக்கு இந்த வேலை?"

மாமா அன்று சிரிக்கவில்லை.

ஒரு இலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நர்சரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். நர்சரிக்கார அம்மா இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சாப்பாடு இருந்தும் சாப்பிட முடியாம இருக்கு. மண்ணுல ஏதோ தடுக்குது. என்ன ஊத்துறீங்க?"

"தண்ணிதாம்மா. வேற என்ன, சாராயமா ஊத்துவேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. கழுவின தண்ணீரும் அவருக்குத் தண்ணீர்தான். அந்த அம்மா ஏதோ பொடி கொடுத்தார். இரண்டு வாரம் பச்சை திரும்பினதுபோல இருந்தது, மறுபடியும் வெளிறியது.

பதினாலு கிளை பத்தாயிற்று. அப்புறம் ஆறு. உதிர்ந்த இலைகளை அத்தை பொறுக்கி ஒரு காலி நூல் டப்பாவில் போட்டு வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் மேலிருந்து பார்த்தேன். அலமாரியிலிருந்து அந்தத் துணிக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து செடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு கிளையையும் விரலால் தடவினாள். பிறகு எதையும் வெட்டாமல் திரும்பிவிட்டாள். நான் இறங்கி வந்தபோது கத்தரிக்கோல் மேசைமேல் இருந்தது.

"பதியம் போட ஒரு நல்ல குச்சி தேடினேன்" என்றாள். "ஒண்ணுகூட இல்லடா. இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான். அந்தச் செடி வேற எங்கயும் கிடையாது."

சுவருக்கு அந்தப் பக்கம் மாமா சவரம் செய்துகொண்டிருந்தார். சவரக்கத்தியின் சத்தம் நின்றது. வெகு நேரம் கழித்துத்தான் மறுபடியும் கேட்டது.

அந்த வாரம் ஒரு மாலையில் வழக்கம்போலக் கரணையைக் கழுவிவிட்டு மாமா பாத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அவர் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். கொத்து வேலை செய்கிறவர்களின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். கலவையிலேயே ஊறி, தோல் வெளுத்து, ரேகை ரேகையாக வெடித்திருக்கும். வெடிப்பு மட்டும் சிவப்பாக, மற்றதெல்லாம் சுண்ணாம்பு நிறம்.

"எத்தனை தடவை சொல்றது, உறை போட்டுக்கோங்கன்னு. பாருங்க, இந்தச் சிமென்ட் உங்க கையைத் தின்னு வச்சிருக்கு."

மாமா கையைப் பார்த்தார். அப்புறம் முகத்துக்கு நேராகத் தொங்கிய இலையைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார். கையை உருவிக்கொண்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட, கரணையை எடுத்துச் செடியின் தூரில் குத்தினார்.

டங் என்றது.

மேல் மண் இரண்டு விரல் ஆழம்தான் இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பலகை. தினமும் கழுவின கழுவல் சொட்டுச் சொட்டாக இறங்கி, படிந்து, இறுகி, தண்டைச் சுற்றி ஒரு தளமே போட்டிருந்தது. மாமா மண்ணை ஒதுக்கிவிட்டு அதை உள்ளங்கையால் தடவினார். சுவரைத் தடவுவது போலவே, கண்ணை மூடிக்கொண்டு.

"நம்ம வேலைதான்" என்றார்.

மறுநாள் நர்சரிக்கார அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா அந்தப் பலகைத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, செடியைப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்தார். "இதை எடுத்துட்டா மட்டும் போதாது, மேஸ்திரி. வேரெல்லாம் தரைக்கு அடியில போயிருக்கும். அங்கயும் சுண்ணாம்புதான் இறங்கியிருக்கும். வெட்சிக்கு அது ஆகவே ஆகாது."

"பிடுங்கி வேற இடத்துல வைக்கலாமா?"

"இருக்கிற நிலைமையில பிடுங்கினா அன்னைக்கே முடிஞ்சுரும். சுத்தி நாலடியாவது மண்ணைத் திறந்துவிடணும். பழைய மண்ணை அள்ளிட்டு இலைமக்கு போடணும். அப்புறம் அதோட பாடு."

நாலடி என்ற சொல்லைக் கேட்டதும் மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு நல்ல தரை" என்று மட்டும் சொன்னாள். அது வேண்டாம் என்பதா, உடையுங்கள் என்பதா என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

சனிக்கிழமை அத்தை வேலைக்குப் போனதும் சம்மட்டியையும் உளியையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். நூல் பிடித்து, சுண்ணக்கட்டியால் செடியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். உடைப்பதற்கும் நூல் பிடித்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பெயிண்டர் வந்து வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் சட்டையைக் கழற்றினார்.

"குடு மேஸ்திரி. நான் உடைக்கிறேன். உன்னால முடியாது."

"தள்ளு. என் தரையை நான்தான் உடைப்பேன்."

சம்மட்டி முதல் அடியில் துள்ளித் திரும்பி வந்தது. தரையில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் விழுந்தது. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. மாமா நிமிர்ந்தார். வியர்வைக்கு நடுவே முகம் மலர்ந்துகொண்டு வந்தது.

"பாத்தியா? அசையுதா பாரு! சும்மாவா போட்டேன்?"

"யோவ், உடைக்க வந்தியா, விளம்பரம் பண்ண வந்தியா?"

"மாப்ள, கீழ வா, நீ ஒரு அடி போட்டுப் பாரு!" என்று என் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். இறங்கிப் போய் அடித்தேன். தோள்பட்டை வரைக்கும் விறுவிறுத்தது, தரைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவுக்குப் பரம சந்தோஷம். "நாலு வருஷமாச்சு. ஒரு மயிரிழை விரிசல் உண்டா? சொல்லு, உண்டா?"

இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை.

மதியத்துக்குள் பாதி வட்டம்தான் உடைந்தது. ஒவ்வொரு துண்டு பெயரும்போதும் அதைத் திருப்பி வெட்டுமுகத்தைப் பார்ப்பார். "கல்லும் மணலும் எப்படிக் கலந்திருக்கு பாரு, ஒரு ஓட்டை கிடையாது" என்று பெயிண்டரிடம் காட்டுவார். பெயிண்டர் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, தலையாட்டி, சுவரோரம் அடுக்குவார். கேலி செய்வதை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை.

அத்தை வேலை முடிந்து வந்தபோது மாமா இடிபாட்டுக்கு நடுவே செடியின் அருகில் உட்கார்ந்திருந்தார். தலைமுடி, இமை எல்லாம் வெள்ளைத் தூசி. அத்தை கேட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"மறுபடியும் வழுக்கி விழுந்தா என்னைச் சொல்லாதே" என்றார் மாமா.

"விழ மாட்டேன்."

"தரையோட சரிவு, வாட்டம் எல்லாம் போச்சு. இனிமே தண்ணி ஓட்டைக்குப் போகாது. இங்கதான் வந்து இறங்கும்."

"இறங்கட்டும்."

மாமா ஒரு சிமென்ட் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கு நான் கேட்டிருக்கலாம். அந்த எஞ்சினியர் நல்ல மனுஷன். கேட்டிருந்தா நாலடி தள்ளித்தான் போட்டிருப்பாரோ என்னமோ. நான் வாயே திறக்கலை."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீங்க கேட்டு அவர் முடியாதுன்னு சொல்லியிருந்தா, வீட்டுக்கு வந்து அவரை ஒரு மாசம் திட்டியிருப்பீங்களே. ஒண்ணுமே சொல்லலை. அதான் தெரியும்."

பெயிண்டர் சட்டையை மாட்டிக்கொண்டு சொல்லாமல் கிளம்பிப் போனார். நானும் மாடிக்குப் போய்விட்டேன். பிறகு உளி மறுபடியும் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அத்தை தன் கைப்பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, உடைந்த துண்டுகளைச் சட்டியில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

பழைய மண்ணை அரை ஆள் ஆழத்துக்கு அள்ளி எடுத்தார்கள், வேரை விரலால் துழாவித் துழாவி. அத்தை ஆஸ்பத்திரி மரங்களுக்கு அடியில் மக்கிக் கிடந்த சருகைத் தினமும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்தாள். மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து அதை மட்டும் ஊற்றினார்கள். கரணை கழுவுவது குழாயடிக்குப் பின்னால் தனித் தொட்டிக்குப் போனது. அந்தத் தொட்டியில் "செடிக்கு அல்ல" என்று பெயிண்டர் சிவப்பில் எழுதி வைத்தார். யார் படிப்பதற்கு என்று கேட்டால், "உங்க மாமாவுக்குத்தான்" என்பார்.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆறு கிளையில் இன்னும் இரண்டு காய்ந்தன. மாமா வேலைக்குப் போகும் முன்னால் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை செடியருகே குந்திப் பார்ப்பார். ஐந்தாம் மாதம், நான் பல் துலக்கிக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தால், மனிதர் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறார். பயந்துபோய் ஓடினேன். தூரிலிருந்து, தரை மட்டத்துக்கு ஒரு விரல் மேலே, ஒரு தளிர் கிளம்பியிருந்தது. மஞ்சள் இல்லை. கருஞ்சிவப்பில் தொடங்கிப் பச்சைக்குப் போகிற நிறம்.

"சத்தம் போடாதே" என்றார். செடி தூங்குகிறது என்று நினைத்தாரோ என்னவோ.

அந்தத் தளிர் ஒரு கோணத்தில், எதிர்ச்சுவரைப் பார்த்துச் சாய்ந்து வளர்ந்தது. அதற்குப் பின்னால் வந்தவையும் ஆளுக்கொரு திசையில் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா நூற்கண்டையும் நான்கு குச்சிகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். அத்தை சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"ஓரத்தை மட்டும். லேசா. கண்ணை உறுத்துது."

"அது பூக்கிறதே நுனியிலதான். வாராவாரம் நுனியை வெட்டிட்டு, பூ எங்க பூ எங்கன்னு கேட்டா எங்கேருந்து வரும்?"

"இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க ரசமட்டம் வச்சுப் பார்க்கிறப்ப உங்க முகத்தைப் பார்த்திருக்கீங்களா? எப்படிச் சொல்றது?"

நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு அந்தச் செடிமேல் மாமாவின் கத்தரி படவில்லை.

இந்த வருஷம் வெயில் தொடங்கியதும் வெட்சி பூத்தது. நாற்பத்தொரு கொத்து. எண்ணியது மாமா, சரிபார்த்தது பெயிண்டர். செடி கோணல்மாணலாக, கைகால்களை விரித்துக்கொண்டு, உடைந்த தரையின் கரடுமுரடான விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களை மாமா இன்னும் முற்றத்தில் மறிக்கத்தான் செய்கிறார். இப்போதும் குவளைத் தண்ணீர் உண்டு. தண்ணீர் ஓடிவந்து உடைந்த விளிம்பில் இறங்கி மண்ணுக்குள் காணாமல் போகும். "இந்த விளிம்பைப் பாருங்க, இதை உடைக்க எனக்கு முழுசா ரெண்டு நாள் ஆச்சு" என்பார். பூவைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். வந்தவர்கள் அவர்களாகவே நிமிர்ந்து பார்த்து, "அடேயப்பா!" என்று சொல்லும்வரை காத்திருப்பார்.

பூ வந்த அன்றே அத்தை துணிக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். ஏழு குச்சி. இந்தத் தடவை ஐந்து பிழைத்தன.

போன மாதம் ஒரு காலையில் மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு என் அறை வாசலில் நின்றார். "மாப்ள, ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வர்றியா?" உடம்புக்கு ஏதோ என்று நினைத்தேன். கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தில், மேசைக்குப் பின்னால் இருந்தவரின் எதிரே போய் நின்றார். என் வயதுதான் இருக்கும் அந்த அதிகாரிக்கு. மாமாவின் உள்ளங்கை சட்டையின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தது, பூச்சைச் சரிபார்ப்பதுபோல.

"சார், புதுக் கட்டடத்துல தையல் அறை ஜன்னலுக்கு வெளிய நடைபாதைக் கல்லு பதிச்சிருக்கு. அதுல ஒரு நாலடி எடுக்கணும்."

"எதுக்கு?"

"ஒரு செடி வைக்கணும். முன்னாடி அந்தப் பக்கத்துலதான் இருந்தது. நான்தான் நூல் பிடிச்சேன். அப்ப கேக்கலை. இப்பக் கேக்கறேன்."

அவர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். "கல்லை எடுத்தா ஓரமெல்லாம் உதிர்ந்துட்டே வருமே. யார் சரி பண்றது?"

"ஓரத்தை நான் கட்டித் தரேன் சார். சிமென்ட் இல்லாம, கருங்கல்லு அடுக்கி. இந்தக் கட்டடத்துல பாதிச் சுவர் நான் பூசினது. கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க, எதுன்னு உங்களுக்கே தெரியும்."

அதிகாரி சிரித்துவிட்டார். தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் மாமா படியில் உட்கார்ந்துகொண்டார். "அவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவு சுலபமாவா இருந்தது?"

கல்லை எடுத்து, மண்ணை மாற்றி, குச்சிகளில் நல்லதாக ஒன்றை நட்ட அன்று தையல் அறையின் எட்டுப் பெண்களும் வெளியே வந்து சுற்றி நின்றார்கள். அதில் மூன்று பேர் புதியவர்கள். பழைய வெட்சியைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு அத்தை, "எங்க வீட்டுக்காரர். இதுக்காக, தான் போட்ட தரையையே உடைச்சவர்" என்று சொன்னாள். உதட்டைச் சேர்க்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. மாமா கல் அடுக்குவதில் மும்முரமாக இருப்பதுபோலக் குனிந்துகொண்டார். ஒரே கல்லை மூன்று தடவை எடுத்து மூன்று தடவையும் அதே இடத்தில் வைத்தார்.

"ஜன்னல் உயரத்துக்கு வர எத்தனை நாளாகும்?" என்று அதில் ஒரு பெண் கேட்டாள்.

"ஜன்னல் கட்டை மூணரை அடி. நான் வச்சதுதான்" என்றார் மாமா. செடியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், காற்றில் கையை மட்டமாக நீட்டினார். "வருஷத்துக்கு ஒரு அடின்னு வச்சுக்கிட்டா…"

"போதும்" என்றாள் அத்தை. "அது வர்றபோது வரும். கையைக் கீழ இறக்குங்க."